கொம்புள்ள மானுக்குத் தனிச் சீட்டு வேண்டும்

நியூ ஜெர்சியில் நவம்பர் மாதம் வில்லும் அம்புமாக மான் வேட்டைக்குக் கிளம்பும் தமிழர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உரிமம் விற்கும் கடையில் இருப்பவர் “எல்லாம் இருக்கிறது, நீங்கள் போகலாம்” என்று சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள். அச்சடித்துத் தரும் ஒவ்வொரு சீட்டையும் அங்கேயே நின்று வரி வரியாகப் படியுங்கள். பின்னால் வரிசையில் நிற்பவர் முணுமுணுத்தாலும் பரவாயில்லை. அந்த ஊழியரின் அலட்சியத்தால் போன பருவத்தின் மிகச் சிறந்த காலைப்பொழுதை நான் இழந்தேன். இன்னும் ஆறவில்லை.

துப்பாக்கியை விட்டு வில்லை ஏன் எடுத்தேன் என்று பலர் கேட்கிறார்கள். என்னைப் போல வேலை விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் பொதுவாகத் தடை உண்டு. வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு என்றாலும், நியூ ஜெர்சியில் துப்பாக்கி வாங்குவதற்கென்று தனி அடையாள அட்டைக்குக் காவல்துறையிடம் விண்ணப்பிக்க வேண்டும். வில்லுக்கு இந்த அலைச்சல் எதுவும் இல்லை. வில்வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் மட்டும் கட்டாயம். இணையத்தில் பாடம், தேர்வு, பிறகு மைதானத்தில் பயிற்றுநர்கள் முன்னால் அம்பு எய்து காட்டுவது என்று அது சிக்கலில்லாமல் முடிந்தது. மைதானப் பயிற்சிக்கு மட்டும் கோடைத் தொடக்கத்திலேயே பதிவுசெய்துவிடுங்கள். பருவம் நெருங்க நெருங்க இடம் கிடைக்காது. உரிம விண்ணப்பத்தில் சமூகப் பாதுகாப்பு எண்ணைக் கேட்பார்கள். பதற வேண்டாம், அதைப் பதிவுசெய்யச் சொல்வது கூட்டாட்சிச் சட்டம்தான்.

சிக்கல் பருவங்களில் இருக்கிறது. செப்டம்பரில் தொடங்கும் முதல் வில் பருவத்துக்கு வில் உரிமம் போதும். ஆனால் நாமெல்லாம் காத்திருப்பது ரட் எனப்படும் இணைசேரும் காலத்துக்கு. வெண்வால் மான்களுக்கு அது இங்கே நவம்பர் முதல் பாதியில் உச்சத்துக்கு வருகிறது. பகல் குறுகக் குறுக மானின் உடலில் அதற்கான மாற்றங்கள் தொடங்கிவிடும். பெண்மான் இணைக்கு இசைவது ஏறக்குறைய ஒரே ஒரு நாள்தான். அது தவறினால் சுமார் 28 நாள் கழித்துத்தான் மறுபடி. சினைக்காலம் ஏறத்தாழ 200 நாள் என்பதால், நவம்பரில் சேர்ந்தால்தான் மே கடைசி, ஜூனில் பசும்புல் செழித்திருக்கும்போது குட்டி பிறக்கும். அந்த ஒரு நாளைத் தவறவிடக் கூடாது என்றுதான், மற்ற மாதங்களில் இருட்டிய பிறகே வெளியே வரும் பெரிய ஆண்மான்கள் பட்டப்பகலில் மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டு அலைகின்றன. நமக்குக் கிடைப்பது அந்த இரண்டு வாரம்தான்.

அந்த இரண்டு வாரமும் இரண்டாவது வில் பருவத்தில் விழுகிறது. அதற்கு வில் உரிமத்தோடு நாம் போகும் மண்டலத்துக்கான அனுமதிச் சீட்டும் வேண்டும். அந்த மண்டலச் சீட்டு கொம்பில்லாத மானுக்கு மட்டுமே. கொம்புள்ள ஆண்மானை எய்ய இன்னொரு தனிச் சீட்டு வாங்க வேண்டும். இதுதான் விஷயம். விதிகள் ஆண்டுதோறும் மாறக்கூடும்; மாநில மீன், வனவிலங்குத் துறை வெளியிடும் அந்த ஆண்டின் விதிப்புத்தகத்தை ஒருமுறை முழுக்கப் படித்துவிடுங்கள்.

நான் படித்துவிட்டுத்தான் போனேன். “ஹன்டர்டன் கவுண்டியில் வேட்டையாடப் போகிறேன், ஆண்மானுக்கும் சேர்த்து வேண்டும்” என்று தெளிவாகச் சொன்னேன். அந்த ஊழியர் கைப்பேசியை ஒரு காதில் வைத்துக்கொண்டே தட்டச்சு செய்தார். சீட்டுகள் ஒரு சுருளாக வந்து விழுந்தன. “ஆண்மானுக்கும் இதில் இருக்கிறதா?” என்று மறுபடி கேட்டேன். “எல்லாம் இருக்கிறது” என்று சுருளை மடித்து உறையில் போட்டுக் கொடுத்தார்.

அன்று இரவு, இங்கே பல ஆண்டுகளாக வேட்டைக்குப் போகும் ராஜபாளையத்து அண்ணன் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். உறையைப் பிரித்துப் பார்த்தவர், “தம்பி, கொம்புச் சீட்டு எங்கே?” என்றார். இல்லை. கடை மூடிவிட்டது. இணையத்தில் வாங்கலாம் என்று கணக்கைத் திறக்கப் பார்த்தால் திறக்கவில்லை. அண்ணன் உரிமத்தை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அப்பா பெயரும், அப்பா பெயர் இருக்க வேண்டிய இடத்தில் என் பெயரும் ஏறியிருந்தன. ஓட்டுநர் உரிமத்தைக் கையில் கொடுத்திருந்தேன். அதைப் பார்த்துத்தான் அப்படி அடித்திருக்கிறார். குடும்பப் பெயர் பொருந்தாவிட்டால் கணக்குக்குள் நுழைய முடியாது. குடும்பப் பெயர் இல்லாமல் அப்பா பெயரோடு வாழும் நம்மவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. இங்கே மாநில வனவிலங்கு மேலாண்மைப் பகுதிகளிலும் தனியார் நிலத்திலும் ஞாயிறன்றும் வில்வேட்டைக்கு அனுமதி உண்டு. அலுவலகம் போகிறவர்களுக்குப் பெரிய உதவி. முந்தைய இரவே குளிர்காற்று இறங்கியிருந்தது. வடமேற்குக் காற்று, தரையில் உறைபனி, ரட்டின் உச்சம். இப்படி ஒரு காலை எப்போதாவதுதான் அமையும். பெண்மானுக்காவது சீட்டு இருக்கிறதே என்று போய்ப் பரணில் ஏறி உட்கார்ந்தேன்.

ஏழரை மணிக்கு முட்புதருக்குள் சரசரப்பு. ஒரு பெண்மான் ஓடிவந்து நிற்காமல் மறைந்தது. அதன் பின்னாலேயே உறுமிக்கொண்டு வந்தது ஆண்மான். கழுத்து வீங்கிப் பருத்திருந்தது. கொம்பில் பக்கத்துக்கு ஐந்து கிளை. என் பரணுக்குப் பதினெட்டு கஜத்தில், பக்கவாட்டில், முன்னங்காலை முன்வைத்து நின்றது. அதைவிட நல்ல வாய்ப்பு வில்வேட்டையில் கிடையாது. வில் கொக்கியிலேயே தொங்கியது. நான் கையைக்கூட நகர்த்தவில்லை. அது தலைக்கு மேலே இருந்த கிளையை முகர்ந்து, குளம்பால் தரையைக் கீறிவிட்டு, நிதானமாக நடந்து போனது. சீட்டு இல்லாமல் எய்வது திருட்டு வேட்டை. அந்த எண்ணமே எனக்கு வரவில்லை. ஆனால் பரணிலிருந்து இறங்கும்போது கோபத்தில் கை நடுங்கியது.

கடைக்குத் திரும்பிப் போனால் அதே ஊழியர், “நீங்கள் கேட்கவில்லையே” என்றார். பெயரைத் திருத்த அவரால் முடியாதாம், துறைக்குத்தான் எழுத வேண்டுமாம். திங்கட்கிழமை துறையின் உரிமப் பிரிவைத் தொலைபேசியில் அழைத்தேன். பேசிய பெண்மணி பொறுமையாகக் கேட்டு, ஓட்டுநர் உரிமத்தின் படத்தை அனுப்பச் சொல்லி, பெயரைச் சரிசெய்து கொடுத்தார். பயிற்சிச் சான்றிதழும் உரிமமும் ஒரே பெயரில் இருக்கின்றனவா என்றும் அவரே பார்த்துச் சொன்னார். கொம்புச் சீட்டை வேறொரு கடையில் வாங்கினேன்.

அடுத்த வார இறுதியில் வேறு தொல்லை. நவம்பர் இரண்டாவது வாரவாக்கில் சிறு விலங்குப் பருவம் திறக்கிறது. துறை வளர்த்து விடும் ஃபெசன்ட் பறவைகளைத் தேடி, வயல் ஓரங்களில் நாய்களோடும் துப்பாக்கிகளோடும் கூட்டம் வந்துவிடும். அது அவர்கள் உரிமை, குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பறவை விடப்படும் பகுதிகளில் வயலோரப் பரண் அதன் பிறகு உதவாது. காட்டுக்குள் தள்ளிப் போங்கள், நடக்கும்போது ஆரஞ்சு நிற மேலாடை அணியுங்கள். மானுக்கு ஆரஞ்சும் சிவப்பும் நம் கண்ணுக்குத் தெரிவதுபோலப் பளிச்சென்று தெரியாது, மனிதனுக்குத் தெரியும்.

அண்ணன் சொன்ன இன்னொன்றும் பலித்தது: “ரட் நேரத்தில் பத்து மணிக்குப் பசிக்கிறது என்று இறங்காதே.” பெண்மான்கள் படுத்திருக்கும் அந்த நேரத்தில்தான் ஆண்மான்கள் அவை படுக்கும் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் காற்றை முகர்ந்துகொண்டு போகின்றன. இட்லியும் மிளகாய்ப்பொடியும் கட்டிக்கொண்டு போய் நாள் முழுக்க உட்கார்ந்தேன். பரணில் ஏறும்போதே, விழாமல் தாங்கும் உடல்வாரை மரத்தோடு பிணைத்துவிடுங்கள், மேலே போன பிறகு கட்டலாம் என்று விடாதீர்கள். வில்லைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறவும் கூடாது. கயிறு கட்டி மேலே இழுத்துக்கொள்ளுங்கள். மான்வேட்டையில் கை கால் முறிவது பெரும்பாலும் பரணிலிருந்து விழுந்துதான்.

பதினொன்றரை மணிக்கு வந்தது. போன வாரத்து மான் இல்லை, பக்கத்துக்கு நான்கு கிளை. சில மண்டலங்களில் ஒரு பக்கக் கொம்பிலாவது குறைந்தது 3 கிளை இருக்க வேண்டும் என்ற விதி உண்டு. எண்ணிவிட்டுத்தான் நாணை இழுத்தேன். சட்டப்படி வில்லின் இழுவிசை குறைந்தது 35 பவுண்டு இருக்க வேண்டும், என்னுடையது 50. இருபது கஜம். அம்பு விலாவுக்குள் நுழைந்து மறுபுறம் தரையில் குத்தியது. உடனே இறங்கி ஓடாதீர்கள். அரைமணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்பில் நுரை கலந்த இளஞ்சிவப்பு ரத்தம் இருந்தால் நுரையீரல், நல்ல செய்தி. கரும்பச்சைக் கசடும் நாற்றமும் இருந்தால் குடல். அப்படியானால் பல மணி நேரம் விட்டுவிட்டுத்தான் தேட வேண்டும், இல்லாவிட்டால் அது எழுந்து ஓடி எங்கோ வீணாகச் சாகும். எனக்கு நுரை இருந்தது. எண்பது கஜத்துக்குள் விழுந்து கிடந்தது. அதன் பக்கத்தில் உட்கார்ந்து கொம்பைத் தொட்டபோது அழுகை வந்துவிட்டது.

சீட்டில் தேதியும் நேரமும் அங்கேயே எழுதிவிடுங்கள். அன்றே இரவு 8 மணிக்குள் துறைக்குத் தொலைபேசியிலோ இணையத்திலோ தெரிவித்து உறுதி எண் வாங்க வேண்டும். காட்டுக்குள் கைப்பேசிச் சமிக்ஞை கிடைக்காது. குடல் எடுத்து, இழுத்துக்கொண்டு வந்து, வண்டியில் ஏற்றுவதற்குள் இருட்டிவிடும். சாலைக்கு வந்ததும் முதல் வேலையாக இதை முடியுங்கள். திருத்தப்பட்ட பெயரில் என் உறுதி எண் ஒரே முயற்சியில் வந்தது.

மான் வெட்டித் தரும் கடைகள் அந்த வாரத்தில் நிரம்பி வழிகின்றன. நான் அழைத்த முதல் கடை, “இனி எடுப்பதில்லை” என்று வைத்துவிட்டது. பருவத்துக்கு முன்பே பேசி வையுங்கள். நவம்பரிலும் மதியம் வெயில் ஏறும். நாலைந்து பனிக்கட்டிப் பைகளை வண்டியில் வைத்திருந்தால் இறைச்சி கெடாது. அண்ணன் வீட்டுச் சமையலறையில் நள்ளிரவு வரை நாங்களே வெட்டினோம். காட்டு மான் இறைச்சியை விற்பது சட்டப்படி குற்றம், நண்பர்களுக்குக் கொடுக்கலாம். தொடைக்கறியை மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு வறுத்தால் போதும், கொழுப்பு இல்லாததால் அதிகம் வேகவைத்தால் ரப்பராகிவிடும்.

கடைசியாக, குளிர் வந்துவிட்டது என்று உண்ணியை மறந்துவிடாதீர்கள். லைம் நோயைப் பரப்பும் மான் உண்ணி, முழு வளர்ச்சியடைந்து மும்முரமாகத் திரிவது அக்டோபர், நவம்பரில்தான். வீட்டுக்கு வந்ததும் உடைகளைச் சூடான உலர்த்தியில் போடுங்கள். முழங்கால் மடிப்பு, அக்குள், தலைமுடி எல்லாம் பாருங்கள். எனக்குக் காதின் பின்னால் ஒன்று ஒட்டியிருந்தது. தீக்குச்சி, எண்ணெய் எதுவும் வேண்டாம். கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். அடுத்த வாரங்களில் படரும் சிவப்புத் தடிப்போ காய்ச்சலோ வந்தால் மருத்துவரிடம் போய், காட்டில் உட்கார்ந்திருந்ததையும் உண்ணி எடுத்த தேதியையும் சொல்லுங்கள்.