ஆகாரம் அரை, பயம் பூஜ்யம்: வடலூரில் ஒரு பூச நாள்

ஆனி மாதப் பூசத்துக்கு வடலூர் போய் வரலாம் என்று அக்கா கேட்டபோது, நான் திருப்பிக் கேட்டது ஜோதி தரிசனத்தைப் பற்றி அல்ல. "மத்தியானச் சாப்பாட்டுக்கு என்ன பண்றது?" என்றுதான்.

"அன்னதானத்துக்குன்னே பேர் போன ஊருக்குப் போறப்ப இவன் சாப்பாட்டுக்கு வழி கேக்குறான்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவளுக்கு 77 வயது. எனக்கு 71. என் மனைவி போய்ச் சேர்ந்த பிறகு, தன் வீட்டைப் பூட்டிவிட்டு கும்பகோணத்துக்கே வந்து என்னோடு இருக்கிறாள்.

என் கேள்விக்குக் காரணம் இருந்தது. சர்க்கரை வந்து 9 வருடம் ஆகிறது. முதல் எட்டு வருடம் அதை நான் மதிக்கவே இல்லை. போன வருடம் என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவருக்குக் காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். பார்க்கப் போயிருந்தேன். போர்வைக்கு வெளியே தெரிந்த அந்தக் கட்டைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து சோற்றைப் பார்த்தாலே எனக்குப் பயம். ஒரு பிடி சோறு, இரவில் வறட்டுச் சப்பாத்தி, பழம் கிடையாது, தினம் மூன்று தடவை விரலில் குத்திப் பார்ப்பது. வெளிநாட்டில் இருக்கும் மகன் வாட்ஸ்அப்பில் அட்டவணை போட்டு அனுப்புவான். அதில் ஓட்ஸ் என்று வரும் இடத்திலெல்லாம் அக்கா, "குதிரைக்குப் போடுறதையெல்லாம்..." என்று ஆரம்பித்துவிடுவாள்.

பூசத்தன்று காலை ஒன்றரை இட்லி, ஒரு மாத்திரை. பேருந்து ஏறிவிட்டோம். அக்காவின் பையில், அன்னதானம் நடக்கும் தருமச்சாலைக்கென்று இரண்டு கிலோ துவரம்பருப்பு. என் பையில் குளுக்கோமீட்டர்.

அணைக்கரையில் கொள்ளிடத்தைத் தாண்டும்போது நன்றாகத்தான் இருந்தேன். 1836-இல் காட்டன் துரை கட்டிய கீழணை இதுதான் என்று அக்காவுக்கு விளக்கம்கூடச் சொன்னேன். அவள் ஆயிரம் முறை கேட்டதுதான். மீன்சுருட்டி தாண்டியதும் கை நடுங்க ஆரம்பித்தது. ஜன்னலோரக் காற்றிலும் சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. அக்கா ஏதோ கேட்கிறாள், காதில் விழுகிறது, பதில் சொல்ல நாக்கு வரவில்லை. தாழ்சர்க்கரை என்று எனக்குத் தெரிந்தது. அதைப் பற்றி எவ்வளவு படித்திருக்கிறேன்! ஆனால் பையில் ஒரு சிட்டிகை சர்க்கரை இல்லை. இனிப்பு என்றாலே விஷம் என்று ஒதுக்கி வைத்தவன் பையில் எப்படி இருக்கும்?

முன் இருக்கையில் பேரனோடு வந்த ஒரு பெண்மணி திரும்பிப் பார்த்தார். கண்டதும் புரிந்துகொண்டார்போல. பேரன் கையிலிருந்த ஆரஞ்சு மிட்டாயில் நாலை வாங்கி என் வாயில் போட்டார். பையன் அழுதான். கால் மணி நேரத்தில் எனக்கு உலகம் திரும்பி வந்தது. சேத்தியாத்தோப்பில் இறங்கும்போது அந்த அம்மாள், "மாத்திரைய போட்டுட்டு வயித்தக் காயப் போடாதீங்கய்யா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா வடலூர் வரும்வரை பேசவில்லை. இறங்கி நிழலுக்கு வந்ததும் கேட்டாள்: "விரதம் இருந்தா சாமிக்குன்னு சொல்லலாம். நீ யாருக்குடா பட்டினி கெடந்த?"

பதில் சொல்லத் தெரியவில்லை.

வடலூரில் எல்லோரும் முதலில் ஜோதி தரிசனம் நடக்கும் சத்திய ஞான சபைக்குப் போவார்கள். நாங்கள் நேரே தருமச்சாலைக்குப் போனோம். 1867 மே 23 அன்று வள்ளலார் தொடங்கிய இடம். பார்வதிபுரத்து மக்கள் 80 காணி நிலத்தை மனமுவந்து கொடுத்திருக்கிறார்கள். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை என்பது இங்குள்ளோர் சொல். நீளமான அடுப்பு, வரிசையாக அண்டாக்கள் ஏற்றும்படி வாய் வைத்தது. சமையல் இல்லாத வேளையிலும் விறகைத் தள்ளிக் கனலைக் காப்பாற்றுகிறார்கள். மூட்டியவர் 1874-இல் மறைந்துவிட்டார். அதற்கு இரண்டு வருடம் கழித்துத் தாது வருடப் பஞ்சம் வந்தது. அதையும் பார்த்த நெருப்பு இது என்று நினைத்தபோது கொஞ்சம் தள்ளி நின்றேன். அனல் முகத்தில் அடித்தது. சாமி சன்னதியில் எனக்குக் கை தானாகக் கூம்புவது குறைவு. இங்கே கூம்பியது.

அக்கா பருப்பைக் கொடுத்தாள். வாங்கியவர் பெயரையோ ஊரையோ கேட்கவில்லை, மூட்டையோடு சேர்த்து வைத்துவிட்டார்.

பந்தியில் உட்கார்ந்தோம். கீழேதான். முட்டி மடங்காதவர்களுக்கு ஓரமாகத் திண்டு இருந்தது. அக்காவை அங்கே உட்கார வைத்தேன். என் இடப்பக்கம் சாமியார் ஒருவர், வலப்பக்கம் லாரி ஓட்டுநர்போல ஒருவர், எதிரே கல்லூரிப் பையன்கள் நாலு பேர். சோறு வந்தது. வழக்கம்போல் கையை நீட்டித் தடுத்தேன். பரிமாறிய பெரியவர் நின்றார்.

"என்னய்யா, சர்க்கரையா?"

"ஆமாங்க."

"எனக்கும்தான், 20 வருஷமா. அளவாத்தான் போட்டிருக்கேன். பயப்படாம சாப்பிடுங்க."

சோறு, சாம்பார், பூசணிக்காய்க் கூட்டு, ரசம், மோர். ருசியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, காரம் குறைவு, உப்பும் குறைவு. ஆனால் ஒரு வருடமாகச் சாப்பிடும்போதெல்லாம் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்த கணக்கு அன்று ஓடவில்லை. இரண்டாம் தடவை சோறு கேட்கவும் தோன்றவில்லை. வயிறு போதும் என்றது, எழுந்துவிட்டேன். வயிறு அப்படிச் சொல்லும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

பிற்பகல் வெயிலில் எங்கும் அலைய முடியாது. மரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது, மத்தியானம் பரிமாறிய அந்தப் பெரியவரே வெள்ளை வேட்டி, வெள்ளைத் துண்டோடு வந்து உட்கார்ந்தார். வள்ளலாரின் சன்மார்க்க வழியில் இருப்பவர். அவர் அன்றாட வாழ்க்கைக்கென்று வகுத்துத் தந்த நித்திய கரும விதியைப் பற்றிப் பேச்சு திரும்பியது. ஆன்மிகத்தில் இவ்வளவு சமையல் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. புளி, மிளகாய் கொஞ்சமாக, மிளகும் சீரகமும் கூடுதலாக. கடுகு அவசியமே இல்லை. கிழங்குகளில் கருணை மட்டும், அதுவும் சிறிது. நேற்றைய குழம்பைச் சுடவைத்துச் சாப்பிடக் கூடாது. கீரையில் கரிசலாங்கண்ணி, தூதுவளை, முருங்கை. குடிக்க வெந்நீர். இரவுச் சாப்பாடு பகலில் சாப்பிட்டதில் பாதி, பிறகு கொஞ்ச நேரம் உலாவ வேண்டும். படுப்பது இடது பக்கமாக.

"கரிசலாங்கண்ணியில மஞ்சப் பூ பூக்கிறதுதான் சாப்பாட்டுக்கு. வாசல்ல பொடி விக்கிறாங்க. ஆனா மாத்திரைய விட்டுட்டுப் பொடிக்குப் போயிடாதீங்க" என்றார். இதைச் சொன்னதற்காகவே அவர் மேல் மரியாதை கூடியது. மூலிகை பேசுகிறவர்களில் பாதிப் பேர் மாத்திரையைத் தூக்கிப் போடச் சொல்கிறவர்கள்.

பிறகு அந்த வாசகத்தைச் சொன்னார்: "ஆகாரம் அரை, நித்திரை அரைக்கால், பயம் பூஜ்யம்." நடுவில் இன்னொன்றும் உண்டு. அக்கா பக்கத்தில் இருந்ததால் அதைத் தாண்டிவிட்டார். எங்கள் வயதில் அது கணக்கில் வராத சமாச்சாரம். அரைக்கால் என்றால் எட்டில் ஒரு பங்கு, ஒரு நாளைக்கு 3 மணி நேரம். அந்தத் தூக்கம் யோகிகளுக்குச் சரி, எனக்கு ஆகாது, 6 மணி நேரமாவது வேண்டும். ஆனால் பட்டியலைப் பாருங்கள். சாப்பாட்டுக்குப் பாதி கொடுத்தவர், தூக்கத்துக்கும் ஒரு பங்கு ஒதுக்கியவர், பயத்துக்கு மட்டும் ஒன்றுமே கொடுக்கவில்லை. நான் தலைகீழாகக் கணக்குப் போட்டிருந்தேன். சாப்பாட்டைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோய், மிச்ச இடத்தையெல்லாம் பயத்துக்குக் கொடுத்திருந்தேன்.

வெயில் தாழ்ந்ததும் ஆட்டோ பிடித்து மேட்டுக்குப்பம் போய் வந்தோம். 1874 ஜனவரி 30 அன்று வள்ளலார் உள்ளே சென்று தாழிட்டுக்கொண்ட சித்திவளாகத் திருமாளிகை. பூட்டிய கதவுக்கு முன்னால் நாலைந்து பேர் மெல்லிய குரலில் "அருட்பெருஞ்ஜோதி, அருட்பெருஞ்ஜோதி, தனிப்பெருங்கருணை, அருட்பெருஞ்ஜோதி" என்று ஓதிக்கொண்டிருந்தார்கள். அக்கா கண்ணை மூடி உட்கார்ந்தாள். 50 வயது நிறைந்த சில மாதங்களுக்குள் இந்த மனிதர் என்னவெல்லாம் செய்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும் வழியில் தள்ளுவண்டியில் பண்ருட்டிப் பலா. வாசனை ஆட்டோவையே நிறுத்தியது. பெரியவர் சொன்ன பட்டியலில் பலா இல்லையே என்றேன்.

"அது ஒனக்குப் பட்டியல். எனக்குச் சர்க்கரை இல்ல" என்று அக்கா நாலு சுளை வாங்கினாள். மூன்றைச் சாப்பிட்டுவிட்டு ஒன்றைப் பிட்டுப் பாதியை என்னிடம் நீட்டினாள். ஒரு வருடத்துக்குப் பிறகு ஒரு பழம். மெல்ல மெல்லத் தின்றேன். கொட்டைகளை அவள் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள்.

இரவு சபை. 1872-இல் கட்டி முடித்த எண்கோண மண்டபம். உள்ளே சிலை கிடையாது. கண்ணாடிக்குப் பின்னால் ஜோதி, அதை மறைத்து ஏழு திரைகள். கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன்மை, வெண்மை, கடைசியாக எல்லா நிறமும் கலந்தது. தைப்பூசத்தன்று ஏழையும் விலக்குவார்கள். மாதப் பூசத்தில் ஆறைத்தான். தைப்பூசம் பௌர்ணமியை ஒட்டி வரும். ஆனியில் பூசம் அமாவாசையை அடுத்து வருவதால், கூட்டம் கூடும்போது பிறையும் இறங்கிவிட்டிருந்தது. நல்ல இருட்டு.

சபை வாசலில் ஒரு நிபந்தனை உண்டு: கொலை, புலை, அதாவது உயிர்க்கொலையும் புலால் உணவும், தவிர்த்தவர்கள் மட்டுமே உள்ளே புக வேண்டும். அக்கா 30 வருடமாக அந்த வழியில் இருப்பவள். நான் போன வாரம்கூடக் கெண்டைக் குழம்பு சாப்பிட்டவன். மருத்துவர் வாரம் ஒரு நாள் மீன் சாப்பிடலாம் என்று சொல்லியிருக்கிறார் என்பது அங்கே சொல்லும் சமாதானம் அல்ல. யாரும் என்னைத் தடுத்துக் கேட்கப் போவதில்லை. கேட்காத இடத்தில் பொய் சொல்ல மனம் வரவில்லை. அக்காவை முன்னால் அனுப்பிவிட்டு வெளியிலேயே கூட்டத்தோடு நின்றேன்.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. சபைக்கு நிபந்தனை வைத்தவர் தருமச்சாலைக்கு எதையும் வைக்கவில்லை. மத்தியானம் சோறு போட்டவர் என்னிடம் சர்க்கரையா என்றுதான் கேட்டார், மீன் சாப்பிடுவியா என்று கேட்கவில்லை. பசிக்கு முன்னால் எல்லோரும் உள்ளே.

எட்டு மணியை ஒட்டித் திரைகள் விலகின. ஒவ்வொன்றாக. தலைகளுக்கு மேலே எட்டிப் பார்த்த எனக்கு ஒரு பொட்டு வெளிச்சம் தெரிந்தது. அவ்வளவுதான். பக்கத்தில் ஒருவர் தோளில் குழந்தையைத் தூக்கிவைத்து, "தெரியுதா, தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். மூன்று முறை திரை விலகியது. மூன்று முறையும் எனக்கு அந்தப் பொட்டுதான். போதுமாக இருந்தது.

இரவு அங்கேயே தங்கி, காலையில் ஊர் திரும்பினோம். இரண்டு நாள் கழித்து மருத்துவரைப் பார்த்து பேருந்தில் நடந்ததைச் சொன்னேன். திட்டினார். இந்த வயதில் சர்க்கரை சற்றுக் கூடுதலாக இருப்பதைவிடச் சட்டென்று இறங்குவது ஆபத்து, மீட்டரில் வரும் எண்ணை விரட்டிக்கொண்டு ஓடாதீர்கள் என்று மாத்திரையின் அளவைக் குறைத்தார். இப்போது சட்டைப் பையில் ஆரஞ்சு மிட்டாய் நாலு எப்போதும் இருக்கும்.

மீன் விஷயம் இன்னும் தீரவில்லை. அதை வேறொரு சமயம் பார்த்துக்கொள்ளலாம் என்று அக்காவே விட்டுவிட்டாள்.

நேற்று மத்தியானம் அவள் அந்தப் பலாக்கொட்டைகளை எடுத்துத் தோல் சீவி, முருங்கைக்கீரையோடு கூட்டு வைத்தாள். மிளகு, சீரகம், கொஞ்சம் தேங்காய், புளி இல்லை. நாலே நாலு கொட்டை, ஆளுக்கு இரண்டு. சோற்றுக்கு மேல் கூட்டைப் போட்டுவிட்டுக் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள்.

"இன்னும் ஒரு கரண்டி?"

"அரைக் கரண்டி" என்றேன்.