ஓய்வுநிலை ஈ.ஈ.ஜி.: கருவியை விடத் தூக்கம்தான் பெரிய தொல்லை

ஒருவரைச் சும்மா உட்கார வைத்து, தலையில் எலக்ட்ரோடுகள் பொருத்தி மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்வதுதான் ஓய்வுநிலை ஈ.ஈ.ஜி. அதில் பாதி வேலை தலைமுடியோடுதான். எண்ணெய், கண்டிஷனர் எதுவும் இல்லாமல் தலைக்குக் குளித்துவிட்டு வரச் சொல்கிறோம். 10-20 முறைப்படி (மண்டை அளவில் 10, 20 சதவீத இடைவெளிகளில் எலக்ட்ரோடு வைக்கும் முறை) டேப்பால் அளந்து இடம் குறித்து, தோலைச் சொரசொரப்பான பசையால் லேசாகத் தேய்த்து ஜெல் வைத்தால் மின்மறிப்பு (தோலுக்கும் எலக்ட்ரோடுக்கும் இடையிலான மின்தடை) 5 கிலோ ஓமுக்குக் கீழே இறங்கும். இறங்காவிட்டால் மறுபடி தேய்க்க வேண்டுமே தவிர ஜெல்லைக் கூட்டக் கூடாது. கூட்டினால் வழிந்து பக்கத்து எலக்ட்ரோடைத் தொட்டுவிடும். பிறகு இரண்டு சேனலிலும் ஏறக்குறைய ஒரே அலைதான் ஓடும். மின்மறிப்பு என்னவோ பிரமாதமாகக் காட்டும், ஏமாறுவது இங்கேதான்.

கண் திறந்து 2 நிமிடம், மூடி 2 நிமிடம் என மாற்றி மாற்றி எடுக்கிறோம். கண்ணை மூடியதும் பின்மண்டையில், ஓ1, ஓ2 சேனல்களில், 10 ஹெர்ட்ஸ் வாக்கில் ஆல்ஃபா என்ற அலை எழும், திறந்தால் அடங்கும். 1929-இல் ஜெர்மன் மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் வெளியிட்டதும் இதைத்தான். சிலருக்கு இயல்பிலேயே ஆல்ஃபா குறைவு, உடனே கருவியைச் சந்தேகிக்க வேண்டாம். உச்சந்தலையின் இரு பக்கமும் உள்ள சி3, சி4-இல் அதே வேக அலை கண் திறந்தும் போகவில்லையா? கையை மடக்கச் சொல்லுங்கள். அப்போது அடங்கினால் அது ஆல்ஃபா இல்லை, உடலசைவோடு தொடர்புள்ள மியூ அலை.

கண்ணை மூடி ஒரேயடியாக 10 நிமிடம் உட்கார வைத்தால் பலரும் கண்ணயர்ந்துவிடுவார்கள். ஆல்ஃபா துண்டு துண்டாக உடையும், 4–7 ஹெர்ட்ஸ் தீட்டா தலைகாட்டும், நெற்றியின் இரு ஓரங்களில் உள்ள எஃப்7-இலும் எஃப்8-இலும் எதிரெதிர்த் திசையில் மெதுவான அலை வரும்: விழி உருள்கிறது என்று அர்த்தம். அந்தப் பகுதியைத் தயங்காமல் வெட்டுங்கள். விட்டுவைத்தால் தூக்கக் கலக்கம்தான் 'ஓய்வு' என்ற பெயரில் முடிவுகளில் வந்து நிற்கும். பல்லைக் கடித்தால் கன்னப்பொட்டுப் பக்கத்தில் 20 ஹெர்ட்ஸுக்கு மேல் தசை இரைச்சல் ஏறும். அதை மூளையின் வேகமான பீட்டா அலை என்று எண்ணிவிடாதீர்கள். தாடையைத் தளர்த்தச் சொன்னால் போதும்.

அலசலுக்குப் பதிவை 2 நொடித் துண்டுகளாக, அடுத்தடுத்த துண்டுகள் பாதிக்குப் பாதி ஒன்றன்மேல் ஒன்று படியும்படி வெட்டுகிறோம், அலைவெண் 0.5 ஹெர்ட்ஸ் நுணுக்கத்தில் கிடைக்கும்.

சிக்கல், மூளையின் இரண்டு பகுதிகள் சேர்ந்து துடிக்கின்றனவா என்று கேட்கும்போதுதான். ஒரே மூலத்திலிருந்து வரும் மின்புலம் மண்டையோடு வழியாகப் பரவி, பல எலக்ட்ரோடுகளிலும் ஒரே கணத்தில் தெரியும். காதுமடலில் ரெஃபரன்ஸ் (மற்றச் சேனல்களை ஒப்பிட்டு அளக்கும் எலக்ட்ரோடு) வைத்தால் அங்குள்ள சமிக்ஞையும் எல்லாச் சேனல்களிலும் கலக்கும். சாதாரண கோஹெரன்ஸ் (இரண்டு சேனல்களின் அலைகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற அளவீடு) இவற்றை உண்மை இணைப்பிலிருந்து பிரிக்காது. அதனால் காலத் தாமதத்தோடு வரும் உறவை மட்டும் கணக்கில் கொள்ளும் அளவீடுகளையே எடுக்கிறோம். தாமதமே இல்லாத உண்மை இணைப்பும் இதில் அடிபட்டுப் போகும். எங்களைக் கேட்டால், அந்த இழப்பு பரவாயில்லை.