வலப்பக்கம் நகர்ந்த புள்ளிகள்

இறால் ஒவ்வாமை உண்டா என்று அறிய, ஒருவருடைய குருதி காலைப் படகில் பட்டர்வொர்த்திலிருந்து எங்கள் ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தது. அதில் இறால் சாற்றைச் சில துளிகள் விட்டு, 37 டிகிரி சூட்டில் வைத்து எடுத்தேன்.

வெறும் கரைசல் விட்ட குழாயைச் சோதித்தபோது திரையின் இடப்பக்கம் ஈசலாய் மொய்த்துக் கிடந்த புள்ளிகள், இறால் குழாயில் கூட்டமாக வலப்பக்கம் நகர்ந்திருந்தன.

ஒவ்வொரு புள்ளியும் ஒரு பேசோபில். வெள்ளையணுக்களில் நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாத இனம். அதன்மேல் அமர்ந்திருக்கும் ஐ.ஜி.இ எதிர்ப்பொருள் தன் ஒவ்வாமைப் பொருளை அடையாளம் கண்டதும், ஒவ்வாமை அறிகுறிகளைக் கிளப்பும் ஹிஸ்டமின் நிரம்பிய குருணைகள் மேற்சவ்வோடு கலந்து உள்ளிருப்பதைக் கொட்டிவிட, அதுவரை உள்ளே ஒளிந்திருந்த சிடி63 புரதம் வெளியே தலைகாட்டுகிறது. ஒளிரும் சாயத்தால் அதைப் பிடித்து, ஃப்ளோ சைட்டோமீட்டரின் லேசர் ஒளியில் அணு அணுவாக எண்ணுகிறோம். கூடுதலாக ஒளிர்பவை திரையில் வலப்பக்கம் விழும்.

குருதி பழையதானால் இந்த அணுக்கள் சோர்ந்துவிடும் என்பதால்தான் காலையில் அத்தனை அவசரம். சிலருடைய பேசோபில்கள் எதைக் கொடுத்தாலும் அசைவதே இல்லை. அவர்களுக்கு இச்சோதனை உதவாது.

ஒரு துண்டு இறாலையும் வாயில் வைக்காத அந்த மனிதருக்குப் பதிலாக, அவருடைய சில சொட்டுக் குருதி அதைச் சுவைத்துப் பார்த்துவிட்டது.

மதியம் சக ஊழியர் இறால் மீ என்னும் நூடுல்ஸ் வாங்கி வந்திருந்தார். எனக்கு ஏனோ இறங்கவில்லை.