முகம் கடைசியில்

ஆளுயரப் பொம்மை செய்ய உட்கார்ந்தால் எல்லோருடைய கையும் முதலில் முகத்துக்குத்தான் போகும். கண், மூக்கு, தலைமுடி என்று இரண்டு நாள் ஓடிவிடும். அப்புறம் உடம்புக்குப் பழைய துணியைத் திணித்து ஒரே மாலையில் வேலையை முடிப்பார்கள். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் மூட்டை மேல் முகம் வைத்தது போல இருக்கும். மேடையானாலும் சரி, மீட்புப் பயிற்சியானாலும் சரி, தோள் எப்படித் தொங்குகிறது, முழங்கால் எங்கே மடிகிறது என்பதை வைத்துத்தான் கண் அதை ஆள் என்று நம்புகிறது.

ஆகவே முதல் அரை மணி நேரம் அளவுநாடாவோடு போகட்டும். 165 செ.மீ. உயரப் பொம்மைக்குத் தலை 22 செ.மீ., அதாவது உயரத்தில் ஏழரையில் ஒரு பங்கு. தரையிலிருந்து முழங்கால் மூட்டு 47, இடுப்பு மூட்டு 87, தோள் 135. மேற்கை 31, முன்கை 24, மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை 18. பாதம் ஏறக்குறைய முன்கை நீளம். இவ்வளவு கணக்கு வேண்டாம் என்றால், பொம்மைக்குப் போடப்போகும் சட்டையும் பேண்ட்டும் பொருந்துகிற ஒருவரைச் சுவரோரம் நிற்கவைத்து மூட்டுக்கு மூட்டு கோடு போட்டுக்கொள்ளலாம். கண் மதிப்பில் வெட்டினால் பெரும்பாலும் ஒரே தப்புதான் வரும்: தலை பெருக்கும், கால் குட்டையாகும்.

சட்டகத்துக்கு முக்கால் அங்குல பிவிசி குழாய் 4 மீட்டர் போதும், சேதாரம் போகக் கொஞ்சம் மிஞ்சும். கை கால்களுக்கான துண்டை அளந்த நீளத்துக்கே வெட்டக் கூடாது, 3 செ.மீ. குறைக்க வேண்டும். தொடை 40 என்றால் குழாய் 37. விடுபட்ட அந்த இடம்தான் மூட்டு. முழங்காலிலும் முழங்கையிலும் எல்போ எனும் வளைந்த குழாய் இணைப்பை வைத்து ஒட்டினால் பொம்மை ஒரே கோணத்தில் விறைத்து நிற்கும், பிறகு உட்காரவும் உட்காராது, படுக்கவும் படுக்காது. மூட்டுக்கு ஏற்றது கயிறு. 6 மி.மீ. நைலான் கயிற்றை ஒரு மணிக்கட்டில் தொடங்கி முன்கை, மேற்கை, தோள் குழாய் வழியாக மறு மணிக்கட்டு வரை ஒரே ஓட்டமாகக் கோக்க வேண்டும். கால்களுக்கும் அப்படியே, கணுக்காலில் நுழைந்து இடுப்புக் குழாய் வழியே மறு கணுக்காலில் வெளிவரட்டும். தோளில் நாலு வழி இணைப்பும் இடுப்பில் T வடிவ மூன்று வழி இணைப்பும் வைத்து நடுவில் முதுகுக் குழாயை ஒட்டிவிடலாம். தோள் இணைப்பின் மேல்வாய் கழுத்துக்கு.

தனித்தனிக் கயிறாக முடிச்சுப் போட்டால் தூக்கும்போது முடிச்சு ஒன்று அவிழ்ந்தாலே கை கழன்று வரும். ஒரே கயிறென்றால் இழுவை மறு கைக்கும் போய்ப் பகிர்ந்துகொள்ளும். கோக்கும்போதே மூட்டு இடைவெளியில் கயிற்றின் மேல் துணிப்பட்டையைக் குழாய்ப் பருமனுக்கு இறுகச் சுற்றினால் குழாய்கள் ஒன்றோடொன்று இடிக்காது. கயிறு அறுபடுவது பெரும்பாலும் குழாயின் வாயில்தான். ரம்பத்தால் வெட்டிய விளிம்பு பல் பல்லாக இருக்கும், பொம்மை மடங்கும் ஒவ்வொரு தடவையும் கயிற்றை அராவும். வெட்டியவுடன் உள்விளிம்பை உப்புத்தாளால் தேய்ப்பது இரண்டு நிமிட வேலை. அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

சதைக்குத் திணிப்பதைவிடச் சுற்றுவது நல்லது. கசக்கிய செய்தித்தாள் சரசரக்கும், ஈரக் காற்றில் அமுங்கும். பழைய போர்வை, பனியன், துண்டு எல்லாவற்றையும் நாலு விரல் அகலப் பட்டைகளாகக் கிழித்துக் குழாய் மேல் கட்டுப்போடுவது போலச் சுற்றி, இடையிடையே பேக்கிங் டேப்பால் இறுக்கலாம். மூட்டில் மட்டும் இந்தச் சுற்று வேண்டாம், கயிற்றின் மேல் முன்பே சுற்றிய பட்டை போதும். கெண்டைக்காலைச் சுற்றும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் காலைத் தொட்டுப் பார்த்தால் முன்பக்கம் எலும்பு, சதையெல்லாம் பின்பக்கம். சமமாகச் சுற்றினால் தூண் போலாகிவிடும். குழாயின் பின்னால் மடித்த துணி ஒன்றை வைத்து அதன் மேல் சுற்றினால் பேண்ட் போட்ட பிறகும் அந்த வளைவு தெரியும்.

உடலுக்கு மார்பு ஒன்று, இடுப்பு ஒன்று என்று இரண்டு தலையணை. இரண்டையும் சேர்த்து ஒரே பையாகத் தைத்தால் பஞ்சும் துணியும் நாளாக நாளாகக் கீழே இறங்கித் தொப்பை விழும், தோள் வெறும் குழாயாக நிற்கும். மார்புத் தலையணையைத் தோள் குழாயோடு கட்டித் தொங்கவிட வேண்டும்.

கைக்கு உறை ஒன்றில் பஞ்சும், விரலுக்கொரு கட்டுக்கம்பியும் போதும். கம்பி நுனியைக் குறடால் வளையமாக மடிக்காவிட்டால் ஒரு வாரத்தில் உறையைக் குத்திக்கொண்டு வெளியே வரும், தூக்குகிறவர் கையையும் கிழிக்கும்.

தலைக்குப் பலூன் மேல் காகிதம் ஒட்டும் முறை பார்க்க எளிது, ஆனால் வெயிலில் பலூன் உப்பும், இரவில் சுருங்கும், காயாத காகிதம் விரிசல் விடும். செய்தித்தாளை உருட்டி டேப் சுற்றி முட்டை வடிவாக்குவது மேல். முன்னிருந்து பின்னாக 19 செ.மீ. இருக்கட்டும், அகலம் 15. பின்மண்டையைத் தட்டையாக விட்டால் தொப்பிகூட நிற்காது. மைதா ஒரு கப், தண்ணீர் ஐந்து கப், அடிப்பிடிக்காமல் கிளறிக் காய்ச்சிய பசையில் கிழித்த காகிதப் பட்டைகளை நாலு அடுக்கு ஒட்டலாம். கத்தரியால் வெட்டிய விளிம்பு வரியாகத் தெரியும், கிழித்தது படிந்துவிடும். ஒவ்வோர் அடுக்கும் காய்ந்த பிறகே அடுத்தது. அவசரப்பட்டால் உள்ளே பூஞ்சை பிடித்து நாறும். கண்ணின் இடம் தலை உயரத்தில் சரிபாதி. முடியைக் கணக்கில் சேர்க்காமல் நெற்றியில் கண் வைப்பதுதான் வழக்கமான பிழை.

நிற்கும் பொம்மை தன் காலில் நிற்காது. ஷூவுக்குள் மணல் போட்டாலும் சாயும், கனமெல்லாம் மேலே இருக்கிறதே! 45 செ.மீ. சதுர ப்ளைவுட்டில் குழாய் ஒன்றை ஊன்றி, பேண்ட்டின் ஒரு காலுக்குள் விட்டு முதுகுக் குழாயோடு கட்ட வேண்டும்.

மீட்புப் பயிற்சிக்கானதற்குக் கனம் வேண்டும். மொத்தம் 20 கிலோ என்றால் உடலில் 10, ஒவ்வொரு காலிலும் 3.25, ஒவ்வொரு கையிலும் ஒன்று, தலையில் ஒன்றரை. காய்ந்த மணல் லிட்டருக்கு ஏறக்குறைய 1.6 கிலோ. கிலோ கிலோவாகப் பிளாஸ்டிக் பையில் கட்டி, அதைத் துணிப்பையில் போட்டு, குழாயோடு சேர்த்துச் சுற்ற வேண்டும். எல்லாக் கனத்தையும் வயிற்றில் போட்ட பொம்மையைத் தூக்கிப் பழகினால், உண்மையான ஆளைத் தூக்கும்போது கால் இவ்வளவு கனக்குமென்று தெரியாமல் தடுமாறுவார்கள். இழுப்பது, புரட்டுவது, ஸ்ட்ரெச்சரில் ஏற்றுவது வரைக்கும் இது உதவும். நெஞ்சை அழுத்தும் பயிற்சிக்கு ஆகாது. அங்கே 5 முதல் 6 செ.மீ. அமுங்கி உடனே எழும்ப வேண்டும், துணி எழும்பாது.

வேலை முடிந்ததும் பொம்மையை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுப் போகக் கூடாது, காலையில் முதலில் கதவைத் திறப்பவர் பாவம். படுக்கவைத்துப் போர்த்தினால் இன்னும் மோசம். தலையைக் கழற்றி மூடியிட்ட டப்பாவில் வைக்க வேண்டும், மைதா பசைக்கு எலி வரும்.