டைம்ஸ்டென் கேஷ்: செய்முறைப் பரீட்சைக்கு நான் தயாரான மூன்று வாரம்

பரீட்சையில் எனக்கு வந்த கேள்வி சின்னது. ஒராக்கிள் டேட்டாபேஸில் உள்ள ஒரு டேபிளை, மெமரியிலேயே இயங்கும் டேட்டாபேஸான டைம்ஸ்டெனில் கேஷ் செய்ய வேண்டும், அதாவது வேகமாக எடுக்க ஒரு பிரதி வைக்க வேண்டும். ஒராக்கிளில் ஒரு வரியை மாற்றினால் அது இங்கேயும் வர வேண்டும். நேரம் ஒன்றரை மணி. இந்தப் பாடத்தைத் தனியாக இருந்து படிக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

பதுளையில் ஒரு போடிங் அறை, 8 ஜிபி ராம் உள்ள லேப்டாப். முதல் வாரம் முழுக்கக் கட்டளைகளைப் பாடமாக்கினேன். ரீட்ஒன்லி, ஏடபிள்யூடி (அசிங்க்ரனஸ் ரைட்த்ரூ), எஸ்டபிள்யூடி (சிங்க்ரனஸ் ரைட்த்ரூ) என்று கேஷ் குரூப் வகைகளை, அதாவது கேஷ் செய்யும் டேபிள்களின் தொகுதி வகைகளை, ஒப்பிப்பேன். எதை எங்கே போடுவது என்று கேட்டால் பதில் வராது.

லீவில் தலவாக்கலைக்கு வந்தபோதுதான் பிடிபட்டது. அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டு, தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் போயிருந்தேன். கொழுந்தை நிறுத்ததும் கணக்கப்பிள்ளை கையிலிருந்த கொப்பியில் கிலோவைப் போட்டார். அதற்குள் அடுத்த சாக்கு தராசில் ஏறிவிட்டது. ஆபீஸ் செக்ரோலில், அதாவது தோட்டத்தின் சம்பளப் பதிவேட்டில், அது அந்திக்குத்தான் ஏறும். அதுவரை யாரும் வரிசையில் காத்து நிற்பதில்லை. ஏடபிள்யூடி இதேதான்: டைம்ஸ்டெனில் கமிட் ஆனதும் (எழுதியது உறுதியானதும்) நம் வேலை நகர்ந்துவிடும், ஒராக்கிளுக்குப் பிறகு போய்ச் சேரும். ஒவ்வொரு கிலோவும் ஆபீஸில் ஏறிய பிறகுதான் அடுத்த சாக்கு என்றால், அது எஸ்டபிள்யூடி. ஆபீஸிலிருந்து மலைக்கு வரும் பெயர்ப் பட்டியலை மலையில் வைத்துத் திருத்த முடியாது, அது ரீட்ஒன்லி. எழுதுவது எந்தப் பக்கம், போய்ச் சேர்வது எந்தப் பக்கம் என்று அம்புக்குறி போட்டு வரைந்த பிறகே இன்றும் கீபோர்டைத் தொடுகிறேன். பயிற்சிக்கும் கொழுந்துக் கணக்கையே டேபிளாக வைத்துக்கொண்டேன்.

அப்புறம் செய்முறை. ஒராக்கிளில் கேஷ் அட்மின் யூசரை உருவாக்கி, டைம்ஸ்டெனோடு வரும் ஸ்கிரிப்டை ஓட்டி உரிமை கொடுங்கள். டைம்ஸ்டெனில் கேஷ் மேனேஜர் யூசரை வைத்து, அட்மினின் பெயரையும் பாஸ்வேர்டையும் பதியுங்கள். பிறகு ஒராக்கிளின் மாற்றங்களை எடுத்து வரும் கேஷ் ஏஜென்ட்டை ஓட விடுங்கள், அதற்குப் பிறகு கேஷ் குரூப்பை உருவாக்குங்கள். டேபிளுக்கு பிரைமரி கீ (ஒவ்வொரு வரியையும் தனியாக அடையாளம் காட்டும் பத்தி) வேண்டும். ஏடபிள்யூடி என்றால், எழுதியதை ஒராக்கிளுக்குக் கொண்டுபோகும் ரெப்ளிகேஷன் ஏஜென்ட்டும் ஓட வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் கேரக்டர் செட்டை, அதாவது எழுத்துகளைச் சேமிக்கும் குறியீட்டு முறையை, பாருங்கள். இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும். ஒராக்கிளில் ஏஎல்32யுடிஎஃப்8 இருக்க, நான் டைம்ஸ்டெனில் வேறொன்றைப் போட்டிருந்தேன். டேட்டாபேஸ் உருவான பிறகு அதை மாற்ற வழியில்லை. அழித்துவிட்டு முதலிலிருந்து செய்ததில் ஓர் இரவு போய்விட்டது.

அடுத்த இடறல் இன்னும் மோசம். ரீட்ஒன்லி கேஷ் குரூப்பை 5 செக்கன்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும்படி உருவாக்கினேன். பிழைச் செய்தி எதுவும் இல்லை. எண்ணிப் பார்த்தால் வரிகள் பூஜ்யம். வலையமைப்பு, பாஸ்வேர்ட், உரிமை என்று எல்லாவற்றையும் நோண்டினேன். காரணம் ஒன்றே ஒன்று: உருவாக்கியவுடன் ஆட்டோரிஃப்ரெஷ் (தானாகப் புதுப்பித்தல்) நிறுத்தி வைக்கப்பட்ட நிலையில்தான் இருக்கும். கேஷ் குரூப்பை ஒருமுறை லோட் செய்தால்தான் வரிகள் வரும், புதுப்பித்தலும் ஓடத் தொடங்கும். பரீட்சையில் என் பக்கத்து மேசை நண்பரும் இதே பூஜ்யத்தைப் பார்த்துத்தான் முகம் வெளுத்துப் போனார்.

வைவாவுக்கு (வாய்மொழிப் பரீட்சைக்கு) ஒன்று சொல்கிறேன். ஆட்டோரிஃப்ரெஷில் இன்க்ரிமென்டல் முறை எப்படி வேலை செய்கிறது என்று கேட்பார்கள். ஒராக்கிள் டேபிளில், வரி மாறும்போது தானாக ஓடும் ட்ரிகர் வைக்கப்படுகிறது. மாறிய வரிகள் ஒரு லாக் டேபிளில் பதிவாகின்றன. கேஷ் ஏஜென்ட் அவற்றை மட்டும் எடுத்து வருகிறது. ஃபுல் முறையில் ஒவ்வொரு தடவையும் முழு டேபிளும் வரும்.

என்னிடம் கேட்ட கடைசிக் கேள்வி, கரன்ட் போனால் மெமரியில் இருப்பது என்ன ஆகும் என்பது. அதற்கு முந்தின வாரம் இடிமழையில் கரன்ட் போய், பேட்டரி செத்த என் லேப்டாப் பயிற்சியின் நடுவில் அணைந்திருந்தது. திரும்ப இயக்கியபோது வரிகள் இருந்தன. டைம்ஸ்டென் செக்பாயின்ட் கோப்பும் (மெமரியில் உள்ளதன் பிரதி) மாற்றங்களின் லாக்கும் டிஸ்க்கில் எழுதுவதால் அதிலிருந்து மீள்கிறது. ஆனால் ஒராக்கிளில் மாற்றியது வரவில்லை. கேஷ் ஏஜென்ட்டின் தொடக்கக் கொள்கையை நான் தொடவே இல்லை, அது மேனுவலில் கிடந்தது. அதை ஆல்வேஸ் என்று மாற்றினால் ஏஜென்ட் தானாக எழும். பார்த்ததைப் பார்த்தபடியே சொன்னேன். அடுத்த கேள்வி வரவில்லை.

கடைசி நான்கு நாளும் எல்லாவற்றையும் அழித்து, வெறும் தாளில் எழுதிய குறிப்பை மட்டும் வைத்து மறுபடி கட்டினேன். முதல் நாள் மூன்று மணி நேரம் பிடித்தது. நான்காம் நாள் 40 நிமிடம்.