நிலவில்லாத தேனிலவு

எங்கள் திருமண நாள் குறிக்கப்பட்ட மறுவாரமே தேனிலவைப் பற்றிய பேச்சு வந்துவிட்டது. குளிர்ப் பிரதேசத்தில் கப்பல் பயணம் என்பதில் எனக்கும் அவருக்கும் ஒரே எண்ணம்தான். எந்தக் குளிர்ப் பிரதேசம் என்று கேட்டுக்கொண்டபோதுதான், ஆளுக்கொரு கடலை மனத்தில் வைத்திருந்தோம் என்பது தெரிந்தது. பனியாற்றின் முகப்பு உடைந்து கடலில் விழுவதைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. இரவு வானில் பச்சை நிறத்தில் நெளியும் துருவ ஒளியைக் கப்பல் தளத்தில் நின்று பார்க்க வேண்டும் என்பது என்னுடையது. இரண்டையும் ஒரே பயணத்தில் முடித்துவிடலாம் என்று முதல் இரண்டு வாரங்கள் நம்பிக்கொண்டும் இருந்தோம்.

அந்த நம்பிக்கையைக் கலைத்தது பூமியின் சாய்வு. பனியாறுகளைக் காட்டும் அலாஸ்காக் கப்பல்கள் பெரும்பாலும் மே முதல் செப்டம்பர் வரைதான் ஓடுகின்றன. ஜூன் மாதத்தின் பெரும்பகுதியில், அலாஸ்காவின் தலைநகரான ஜூனோவில் பகல் பொழுது 18 மணி நேரத்துக்கும் அதிகம். எஞ்சிய இரவும் முழு இருட்டாக இருப்பதில்லை. துருவ ஒளிக்கோ இருட்டுதான் முதல் தேவை. வானில் அது நிகழ்ந்துகொண்டே இருந்தாலும், வெளிச்சமான வானில் கண்ணுக்குத் தெரியாது. பருவத்தின் கடைசி வாரங்களில் அலாஸ்காவிலும் அதிர்ஷ்டம் அடிக்கலாம் என்றாலும், மேகமும் மழையும் மிகுந்த கடற்கரை அது. ஆகவே குளிர்ப்பயணம் திட்டமிடுகிறவர்கள் கப்பலையும் கட்டணத்தையும் பார்ப்பதற்கு முன், தாங்கள் பார்க்க விரும்புவது வெளிச்சத்தில் தெரிவதா, இருட்டில் தெரிவதா என்பதை முதலில் பேசி முடித்துக்கொள்வது நல்லது. நாங்கள் அதைப் பேசாமலேயே இரண்டு வாரம் கட்டணப் பட்டியல்களைப் புரட்டிக்கொண்டிருந்தோம்.

அவருடைய கட்சி பலமானது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அலாஸ்காவின் கிளேசியர் பே தேசியப் பூங்கா, கண்ணெதிரே வரலாறு நடந்த இடம். 1794-இல் ஆங்கிலேய மாலுமி ஜார்ஜ் வான்கூவரின் ஆய்வுக் குழுவினர் அவ்வழியே வந்தபோது, அங்கே விரிகுடா என்று சொல்லும்படி ஏதுமில்லை. பனிச்சுவர் ஏறத்தாழ வாயில்வரை நிறைந்திருந்தது. 1879-இல் இயற்கையியலாளர் ஜான் மியூர் வந்தபோது பனி சுமார் 77 கிலோமீட்டர் பின்வாங்கியிருந்தது. இன்று கப்பல்கள் நாள் முழுவதும் உள்ளே சென்று, மார்ஜரி பனியாற்றின் எதிரே நிற்கின்றன. ஒரு நாளைக்கு இரண்டு பெரிய பயணிகள் கப்பல்களுக்கு மேல் அனுமதி இல்லை. பூங்காவின் ரேஞ்சர்கள் கப்பலிலேயே ஏறி விளக்கம் சொல்கிறார்கள். ஹப்பர்ட் பனியாறு இன்னும் பெரிது: கடலை நோக்கிய அதன் முகப்பே சுமார் 10 கிலோமீட்டர் அகலம். உலகின் பெரும்பாலான பனியாறுகள் சுருங்கிக்கொண்டிருக்க, இது முன்னேறிக்கொண்டிருக்கிறது. 1986-இலும் 2002-இலும் அருகிலிருந்த ரஸ்ஸல் ஃபியோர்டின் (மலைகளுக்கிடையே நீளும் குறுகிய கடற்கழியின்) வாயையே அடைத்துவிட்டது. பனிப்பாளம் உடையும் காட்சி முதலில் கண்ணுக்கு வரும், முழக்கம் பிறகுதான் காதுக்கு வரும். அந்த முழக்கத்தை அங்குள்ள பூர்வகுடிகளான திலிங்கித் மக்கள் ‘வெண்ணிற இடி’ என்கிறார்கள் என்று அவர் சொன்னபோது, என் துருவ ஒளி சற்று மங்கித்தான் போனது.

அலாஸ்காவை ஆராய்ந்தபோது தெரிந்த ஒரு சிக்கலை இங்கே எழுதிவைக்கிறேன், யாருக்காவது உதவும். வெளிநாட்டுக் கொடியுடன் ஓடும் கப்பல், அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றிய பயணிகளை வேறெந்த நாட்டுக்கும் போகாமல் அமெரிக்காவிலேயே சுற்றிக்காட்டி இறக்கிவிட முடியாது என்று 1886-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று சொல்கிறது. பெரிய சொகுசுக் கப்பல்களில் மிகப் பெரும்பாலானவை வெளிநாட்டுக் கொடி கொண்டவை. அதனால்தான் சியாட்டிலில் கிளம்பும் கப்பல்கள், சில மணி நேரமேனும் கனடாவின் விக்டோரியா போன்ற ஒரு துறைமுகத்தில் நின்றுவிட்டு வருகின்றன. பயணத் திட்டத்தில் அது இன்னொரு ஊர் போலத்தான் தெரியும். ஆனால் விசா தேவைப்படும் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு அது இன்னொரு நாடு. கனடாவின் வான்கூவர் நகரில் ஏறி அலாஸ்காவில் இறங்கினாலும் இரண்டு நாடுகள்தாம். விண்ணப்பிக்கும் முன்பே இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

அண்டார்டிகாவைப் பற்றி ஒரே ஒரு மாலை பேசினோம். அர்ஜென்டினாவின் தென்கோடியிலுள்ள உஷுவாயாவிலிருந்து டிரேக் நீரிணையைக் கடக்க ஏறக்குறைய இரண்டு நாள், திரும்பி வர இரண்டு நாள். கடல் கொந்தளித்தால் அந்த நான்கு நாளும் கட்டிலோடுதான். ஒரே நேரத்தில் 100 பேருக்கு மேல் கரையிறங்கக் கூடாது என்பதால், அங்கே சிறிய கப்பலே சிறந்தது, சிறிய கப்பலே விலையுயர்ந்தது. கட்டணத்தைப் பார்த்த பின் அந்த மாலை விரைவாக முடிந்தது.

கடைசியில் எங்கள் வழக்கில் தீர்ப்புச் சொன்னது நாட்காட்டிதான். திருமணம் பிப்ரவரி இறுதியில், விடுப்பு மார்ச்சில். மார்ச்சில் அலாஸ்காவுக்குச் சொகுசுக் கப்பல் கிடையாது. தோற்றதாக அவரும் நினைக்கவில்லை, வென்றதாக நானும் காட்டிக்கொள்ளவில்லை. ஐந்தாவது திருமண நாளைக் கிளேசியர் பேயில்தான் கொண்டாட வேண்டும் என்று மட்டும் எழுதி வாங்கிக்கொண்டார். நிஜமாகவே ஒரு தாளில்.

ஆக, நார்வே. அதன் மேற்குக் கரையோரமாக, தெற்கே பெர்கனிலிருந்து ரஷ்ய எல்லைக்கு அருகிலுள்ள கிர்க்கெனெஸ் வரை, 1893-இல் தொடங்கிய ஒரு கப்பல் தடம் இன்றும் ஆண்டு முழுவதும் இயங்குகிறது. ஹுர்டிக்ரூட்டன் என்ற அதன் பெயருக்கு ‘விரைவு வழி’ என்று பொருள். 34 துறைமுகங்கள், போக வரப் பன்னிரண்டு நாள், ஏறக்குறைய 2,500 கடல்மைல். அவ்வளவு வடக்கே போயும் துறைமுகங்கள் உறையாமலிருப்பதற்கு, அட்லாண்டிக்கின் வெப்ப நீரோட்டம் அந்தக் கரையைத் தழுவிச் செல்வதே காரணம். இவை விழாக்கோலம் பூண்ட கப்பல்கள் அல்ல என்பதைச் சொல்லியாக வேண்டும். சரக்கு ஏற்றுவார்கள், ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் போகும் உள்ளூர்க்காரர்கள் பையோடு ஏறி இறங்குவார்கள், சில துறைமுகங்களில் நள்ளிரவில் கால் மணி நேரம் நின்று கிளம்பிவிடும். சூதாட்டக் கூடமோ நாடக அரங்கமோ இல்லை. கேளிக்கையை நாடும் தம்பதியருக்கு இது ஏமாற்றமாகத்தான் இருக்கும். எங்களுக்கோ, இருவரும் பேசாமல் ஜன்னலோரம் உட்கார்ந்து மலைகள் நகர்வதைப் பார்க்கலாம் என்பதே போதுமான கவர்ச்சியாக இருந்தது.

எந்த வாரம் என்பதுதான் அடுத்த ஆராய்ச்சி. நவம்பர் இறுதி முதல் ஜனவரி நடுப்பகுதி வரை, இந்தத் தடத்தின் வடபகுதி நகரான டிரோம்சோவில் சூரியன் அடிவானத்துக்கு மேல் வருவதே இல்லை. துருவ ஒளிக்கு அது நல்ல காலம். மலைகளையும் ஃபியோர்டுகளையும் பார்க்க, நண்பகலை ஒட்டிய சில மணி நேர நீல வெளிச்சம்தான் கிடைக்கும். ஏப்ரலுக்குப் பின் இரவே வெளுத்துவிடுகிறது. மார்ச்சில் பகலும் இரவும் ஏறக்குறையச் சமம். தவிர, சம இரவு நாட்களை ஒட்டி, பூமியின் காந்தப்புலம் சூரியக் காற்றுக்கு (சூரியனிலிருந்து வீசும் துகள்களுக்கு) இடம் கொடுக்கும் வகையில் அமைவதால், ஒளி தோன்றும் வாய்ப்பும் சற்று கூடுகிறது. விடுப்பு கிடைத்த மாதமே பொருத்தமான மாதமாகவும் அமைந்தது எங்கள் நல்ல நேரம். ஆனால் மார்ச்சிலும் முழுநிலவு வந்தால் வானம் வெளுத்து, மெல்லிய ஒளிகள் மறைந்துவிடும். ஆகவே பௌர்ணமி வாரத்தை விலக்கி, அமாவாசை வாரத்தைப் பிடித்தோம். தேனிலவுக்கு நிலவில்லாத இரவுகளைத் தேடி அலைந்த எங்களைப் பார்த்து நண்பர்கள் சிரித்ததில் வியப்பில்லை.

போகும் வழி மட்டும் போதுமா, திரும்பி வரும் வழியும் வேண்டுமா என்பதில் நான் முதலில் சிக்கனத்தின் பக்கம் நின்றேன். கால அட்டவணையை நகலெடுத்து, இருட்டில் கடக்கும் இடங்களைப் பென்சிலால் கருப்பாக்கிப் பார்த்தபோது கருத்து மாறிவிட்டது. வடக்கே போகும்போது லோஃபோட்டன் தீவுகளைக் கப்பல் மாலைக்குப் பின் அடைகிறது. தெற்கே திரும்பும்போது வெஸ்டரோலன் தீவுகளையும் குறுகலான ராஃப்ட்சுந்த் நீரிணையையும் பகல் வெளிச்சத்தில் கடக்கிறது. இரவில் விட்டதைப் பகலில் பிடிப்பதற்காகவே இரு வழியையும் எடுத்தோம். வடதுருவ வட்டத்துக்கு மேலே கிடைக்கும் இரவுகளும் அதனால் கூடின. புகழ்பெற்ற கெய்ராங்கர் ஃபியோர்டுக்குள் இந்தத் தடத்தின் கப்பல்கள் குளிர்காலத்தில் போவதில்லை என்பதையும் அந்த அட்டவணைதான் சொன்னது. விளம்பரப் படத்தில் அங்குள்ள அருவிகளைப் பார்த்து மார்ச்சுக்குப் பதிவு செய்கிறவர்கள் கவனிக்க.

கேபின் தேர்வில்தான் நாங்கள் ஏறக்குறைய ஏமாந்திருப்போம். படங்களில் கண்ட அகலமான கட்டிலைப் பார்த்து, குறைந்த கட்டண அறையைப் பதிவு செய்யப் போனோம். விவரக் குறிப்பைக் கடைசிவரை படித்தபோது, இத்தடத்தின் பல கப்பல்களில் சாதாரண அறைகளில் இரண்டு ஒற்றைக் கட்டில்கள்தாம் என்றும், ஒன்று பகலில் சோபாவாக மாறும், மற்றொன்று சுவரோடு மடிந்துவிடும் என்றும் தெரிந்தது. தேனிலவுத் தம்பதியர் அறையின் இரு சுவர்களிலும் ஆளுக்கொரு பக்கம் படுத்துக்கொண்டு ‘நல்லிரவு’ சொல்லிக்கொள்ளும் காட்சியை நினைத்துச் சிரித்துவிட்டு, இரட்டைக் கட்டில் உள்ள வகைக்கு மாறினோம். அவ்வகை அறைகள் குறைவு. முதலில் தீர்பவையும் அவையே. அறை எண்ணைக் கப்பல் நிறுவனமே ஒதுக்கும் மலிவுச் சீட்டில் இந்த உரிமை கிடைக்காது. நடுத்தளத்தில், கப்பலின் நீளத்துக்கு நடுவே உள்ள அறையில் ஆட்டம் குறைவு. சரக்கு வாயிலுக்கு அருகில் இருந்தால் நள்ளிரவில் ஃபோர்க்லிஃப்ட் ஓசை எழுப்பிவிடும். ஜன்னலுக்கு எதிரே உயிர்காப்புப் படகு தொங்குகிறதா என்பதைத் தள வரைபடத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். பால்கனிக்கு நாங்கள் பணம் கொடுக்கவில்லை. ஒளி எந்தப் பக்கம் தோன்றும் என்று யாருக்கும் தெரியாது, மேல்தளத்திலோ வானம் முழுவதும் நம்முடையது.

குளிரைப் பற்றி அதிகம் பயமுறுத்துகிறார்கள். அந்தக் கரையில் மார்ச் மாத வெப்பநிலை பெரும்பாலும் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கிறது. சோதிப்பது காற்றுதான். காற்றே வீசாத நாளில்கூட, 15 நாட் (மணிக்கு 15 கடல்மைல்) வேகத்தில் போகும் கப்பலின் தளத்தில் நின்றால் மணிக்கு 28 கிலோமீட்டர் காற்று முகத்தில் அடிக்கும். பூஜ்ய வெப்பநிலை அப்போது மைனஸ் 6 போல உறைக்கும். உடலை ஒட்டி மெரினோ கம்பளி, அதன் மேல் ஃபிளீஸ், வெளியே காற்றும் நீரும் புகாத மேலங்கி என மூன்று அடுக்கு. பருத்தி வேண்டாம், வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருந்து உடலைச் சில்லிட வைத்துவிடும். கேமரா பேட்டரிகள் குளிரில் சீக்கிரம் சோர்ந்துவிடும் என்பதால் உபரி பேட்டரி உள்சட்டைப் பையில் இருக்க வேண்டும். அறைக்குள் திரும்பும் முன் கேமராவைப் பிளாஸ்டிக் பையில் இட்டு மூடிவிட்டால், லென்ஸில் ஆவி படியாது. முக்காலியை எடுத்துப் போகவில்லை. தளமே அதிரும்போது அது என்ன செய்யும்? புகைப்படத்தில் தெரியும் பச்சையைவிடக் கண்ணுக்குத் தெரியும் ஒளி வெளிறியே இருக்கும் என்பதையும் நாங்கள் முன்கூட்டியே ஒருவருக்கொருவர் சொல்லிவைத்திருக்கிறோம்.

மற்றவை சில்லறை வேலைகள். திருமணத்துக்குப் பின் பெயரை மாற்றிக்கொள்ளும் எண்ணம் இருந்தாலும், சீட்டு, விசா, காப்பீடு எல்லாம் இப்போதைய பாஸ்போர்ட்டில் உள்ள பெயரிலேயே இருக்க வேண்டும். கப்பல் நமக்காகக் காத்திருக்காது என்பதால் ஒரு நாள் முன்னதாகவே பெர்கன் போய்ச் சேர்கிறோம். திறந்த கடலைக் கடக்கும் ஸ்டாட் முனையில் அலை அதிகம். குமட்டல் மாத்திரையைத் தலை சுற்றிய பின் போட்டுப் பயனில்லை, முன்பே போட வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

மிச்சமிருப்பது ஒத்திகை. துருவ ஒளி தோன்றினால் ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். அது சில நிமிடங்களிலேயே அடங்கிவிடவும் கூடும். ஆகவே சென்ற ஞாயிறு இரவு விளக்குகளை அணைத்துவிட்டு, தொலைபேசி வழியே அவர் ‘இடப்பக்கம் ஒளி’ என்று அறிவிக்க, அவரவர் வீட்டில் போர்வைக்குள்ளிருந்து எழுந்து மூன்று அடுக்கும் அணிந்து வாசல்வரை ஓடினோம். எனக்குப் பதினொரு நிமிடம். அதில் நான்கு நிமிடத்தைக் காலணிக் கயிறே விழுங்கியது. திங்கட்கிழமையே கயிறில்லாத காலணிக்குச் சொல்லிவிட்டேன். அவர் ஆறு நிமிடத்தில் வாசலுக்கு வந்துவிட்டதாகச் சொல்கிறார். கேமராவை எடுத்துக்கொண்டீர்களா என்று கேட்டேன். சற்று நேரம் மறுமுனையில் பேச்சில்லை.