மேற்கு ஜன்னல்

ஜூன் 28, வெள்ளி

ராத்திரி முழுக்க அந்த ஜன்னல். குக்கர் விசில் மாதிரி, ஆனால் இறக்கி வைக்க முடியாத குக்கர்.

ஜூன் 30, ஞாயிறு

அண்ணன் கட்டிய வீட்டில் மற்றதெல்லாம் சரி. மேற்குச் சுவர்தான். மலை தெரியட்டும் என்று ஆறடிக்கு நாலடி கண்ணாடி, தள்ளித் திறக்கிற வகை. மலை தெரிகிறது, மறுக்கவில்லை. பால் காய்ச்சிய அன்று வந்தவர்கள் எல்லாரும் அதன் முன்னால் நின்றுதான் போட்டோ எடுத்தார்கள். அது மாசி மாதம். மாசியில் ஆரல்வாய்மொழியில் ஏது காற்று? பிளான் போட்டவர் வெளியூர்க்காரர். அவரை ஆனியில் ஒரு ராத்திரி இந்த அறையில் படுக்கவைத்திருக்க வேண்டும்.

பின்னால் பழைய வீடு அப்படியே நிற்கிறது. மேற்கே ஜன்னலே கிடையாது. உயரத்தில் கையகலத்துக்கு ஒரு பொந்து, அவ்வளவுதான். தாழ்ந்த ஓட்டுக்கூரை, ஓட்டின் ஓரமெல்லாம் சிமெண்ட் பூசிக் கட்டியிருக்கும். திண்ணை, அடுக்களை, துணி காயப்போடும் கொடி எல்லாம் கிழக்கே. கன்னிமூலையைத் திறந்துபோடக் கூடாது என்கிற வாஸ்துக்காரன் இந்த ஊரில் ஒரு ஆடி இருந்துவிட்டுப் போனவனாகத்தான் இருப்பான்.

அந்த மேற்கு ஜன்னல் அறையைத்தான் எனக்கும் பிறக்கப்போகிற குழந்தைக்கும் ஒதுக்கியிருக்கிறார்கள்.

ஜூலை 3, புதன்

அவர் போனில், "பக்கத்துல லாரி ஏதும் போகுதா?" என்று கேட்டார். காற்று என்றேன். "வீட்டுக்குள்ளதானே இருக்கே?" என்றார்.

ஜூலை 5, வெள்ளி

நாகர்கோவிலுக்குச் செக்கப். தோவாளை தாண்டும்போது சாரல், நாகர்கோவிலில் குடை பிடித்தும் நனைகிற மழை. திரும்பி வந்தால் எங்கள் தெருவில் புழுதி பறக்கிறது. காவல்கிணற்றுச் சித்தி போன் பண்ணி, அங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது என்கிறாள். எல்லாம் ஒரே மத்தியானத்தில்.

அரபிக்கடலிலிருந்து வருகிற காற்றை மலை நெடுக மறித்துக்கொண்டு வந்து, இங்கே கணவாயில் வழி விடுகிறது. அத்தனை காற்றும் இந்த வாசலுக்குள் நெருக்கிக்கொண்டு நுழைய வேண்டும், வேகம் வராமல் என்ன செய்யும். மழையை அந்தப் பக்கமே இறக்கிவிட்டு வெறுங்கையோடு வருகிறது. அதனால்தான் சித்தி ஊரில் பனையும் உடைமரமும், நாகர்கோவில் பக்கம் வயலும் தென்னையும். நாங்கள் நடுவாசலில். வாழை போட்டால் ஒவ்வொன்றுக்கும் முட்டுக் கொடுக்க வேண்டும், அப்படியும் இலை நார்நாராகக் கிழிந்துவிடும். வாழைத் தோட்டம் வைத்திருந்த அப்பா என் கல்யாணப் பந்திக்கு இலையை வெளியே வாங்கினார்.

தலை இன்னும் இறங்கவில்லையாம். நடக்கச் சொல்கிறார் டாக்டர். எந்தத் திசையில்?

ஜூலை 9, செவ்வாய்

சாயங்காலத்திலிருந்து கரண்ட் இல்லை. முப்பந்தல் பக்கம் காத்தாடி அத்தனையும் சுற்றுகிறது. ஆயிரத்து ஐந்நூறு மெகாவாட் வரை எடுக்கிற இடம் என்று பெருமை. அதன் அடிவாரத்தில் உட்கார்ந்து அம்மா ஒரு மெழுகுவர்த்தியோடு மல்லுக்கட்டுகிறாள். ஏற்ற ஏற்ற அணைகிறது. "சவத்துக் காத்து" என்று வைதாள். பிறகு வெளியே பார்த்து, இசக்கியம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

ஜூலை 10, புதன்

கால் வீக்கம். எழுதவில்லை.

ஜூலை 12, வெள்ளி

தூக்கம் வராமல் ஓக்கியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். 2017 நவம்பர் 30. புயல் கடலில் தெற்கே போனது, அதனால் காற்று எங்களுக்குக் கிழக்கிலிருந்து வந்தது. அப்பா வீட்டில் கிழக்கேதான் எல்லாம் திறப்பு. திண்ணை ஓடு முழுக்கப் போயிற்று. அடுக்களைக் கதவு கீலோடு பெயர்ந்தது. வருஷா வருஷம் மேற்குக் காற்றுக்கே வேரூன்றி, கிழக்கே சாய்ந்து வளர்ந்த வேம்பு, அன்றைக்கு மேற்கே விழுந்தது. மேற்குச் சுவரில் ஒரு கீறல் இல்லை.

கடலுக்குப் போனவர்கள் எத்தனை பேர் வரவில்லை. அதை நினைத்தால் ஓடு ஒரு விஷயமா. ஆனால் அப்பா அதற்கப்புறம் திண்ணையில் உட்காரவே இல்லை. உள்ளே, சுவரில் சாய்ந்தே இருந்தார்.

அண்ணனுக்கு ஜன்னல் ஆசை அதனால்தான் வந்ததோ? கேட்டதில்லை.

ஜூலை 14, ஞாயிறு

ஆசாரி வந்து பார்த்தார். ரப்பர் வைத்தார், டேப் ஒட்டினார். சத்தம் கொஞ்சம் கீழே இறங்கியது, நிற்கவில்லை. பலகை அடித்தால் பலகையும் சேர்ந்து ஆடும், செங்கல் வைத்துக் கட்டிவிடுவதுதான் வழி என்கிறார். அம்மா உடனே சம்மதித்தாள். "பச்ச ஒடம்புக்கும் பிள்ளைக்கும் இந்தக் காத்து ஆகாது மக்களே, கேட்டியா."

சூட்டுக்கும் சளிக்கும் சொல்கிற பழைய பேச்சு என்று வேறொரு நாளாக இருந்தால் வாதாடியிருப்பேன். போர்வை நுனி கட்டிலில் தானாக எழும்புவதைப் பார்த்துக்கொண்டு என்னத்தை வாதாட.

ஜூலை 17, புதன்

ஆடி ஒன்று. வாசலில் பொடிக்கோலம் போட முடியாமல் மாக்கோலம்.

ஜூலை 19, வெள்ளி

அண்ணனோடு சண்டை. துபாயிலிருந்து வீடியோவில் ஜன்னலைக் காட்டச் சொன்னான். காட்டினேன். வெளிச்சத்தில் மலை பளிச்சென்று, மேகம் அதன் தலையில் ஓடிக்கொண்டு. "இதப் போய் செங்கல் வச்சு அடைக்கணுங்கியா?" என்றான். சத்தம் கேட்கிறதா என்றேன். கேட்கவில்லையாம். இந்த போனெல்லாம் இரைச்சலைத் தானாகவே வடிகட்டிவிடுகிறது. நான் கத்தினேன், அதுவும் அவனுக்கு மெதுவாகத்தான் கேட்டிருக்கும். வருஷத்தில் நாலு மாசம்தானே என்கிறான். எனக்கு வேண்டியது அந்த நாலு மாசம்தான்.

அம்மா ஒன்றும் பேசவில்லை. மத்தியானம் பழைய வீட்டுச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

ஜூலை 20, சனி

அரங்கில் படுக்கப்போகிறோம். பழைய வீட்டின் நடு அறை, நாலு பக்கமும் வேறு அறைகள், வெளிச்சுவரே கிடையாது. அப்பா, அத்தைகள் எல்லாரும் பிறந்தது அங்கேதான். இப்போது தேங்காயும் உரமூட்டையும் கிடக்கிறது. போய் நின்று பார்த்தேன். சத்தம் இல்லை, இருட்டு, எலிப் புழுக்கை. பிளக் பாயிண்ட் ஒன்றுகூட இல்லை.

தேங்காயைத் திங்கட்கிழமை எடுப்பதாக வியாபாரி சொல்லியிருக்கிறார். வெள்ளையடித்தால் இரண்டு நாள் காய வேண்டும். நாள் குறித்திருப்பது 26. கட்டில் அந்த வாசலில் நுழையாது, கழற்றித்தான் கொண்டுபோக வேண்டும், ஆசாரியிடம் இன்னும் சொல்லவில்லை. வயரிங்காரரிடம் அம்மா